அணையாத சிவப்பு விளக்கு: தங்கச்சிமடம் இணைப்பு நோடில் நேர்ந்த கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் கடற்கரையில் குன்று என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இராமேஸ்வரம் தீவின் உயரமான இடமே, பர்வதம் என்று பெயரை மட்டும் பெரிதாகத் தாங்கி நிற்கும் கந்தமாதன மணல்மேடுதான். மலையுள்ள மாவட்டங்களில் ஒரு ரிப்பீட்டரை, அதாவது வரும் பேச்சை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் வானொலிக் கருவியை, உச்சியில் வைத்தால் சுற்றுவட்டாரம் முழுவதும் எட்டிவிடும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், வி.எச்.எஃப். எனப்படும் உயர் அலைவெண் அலையின் தொடுவானம் ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். 18 மீட்டர் கம்பத்துக்கு அது 17.5 கிலோமீட்டர், ஹேண்டி என்ற கையடக்க வானொலியுடன் நிற்பவருக்கு 5 கிலோமீட்டர், இரண்டையும் கூட்டினால் 22.5 கிலோமீட்டர். இந்தக் கணக்கின்படி இராமேஸ்வரத்தையும் கீழக்கரையையும் ஒரே கம்பத்தால் எட்ட முடியாது. சிறு கம்பங்கள் இரண்டு மூன்றை நட்டு அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஆய்வில் பேசப்படுவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் சிலர் சேர்ந்து, முறையான அனுமதியுடன், அப்படி இணைத்த இரண்டு நிலையங்களைப் பற்றியது. அவர்களில் நானும் ஒருவன். 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, பாம்பனுக்கு அருகே நகராமல் நின்று வலுவிழந்த நாட்கள் எங்கள் எல்லோருக்கும் நினைவில் இருந்தன. கரையில் உள்ளவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள, செல்போன் கோபுரத்தைச் சாராத ஒரு வழி வேண்டும் என்பதே இந்த முயற்சியின் தொடக்கம். மீனவர்களின் படகுகளில் உள்ள கடல்சார் வி.எச்.எஃப். கருவியும் அதன் 156.8 மெகாஹெர்ட்ஸ் அபாய அலைவரிசையும் வேறு சேவையைச் சேர்ந்தவை. அவற்றோடு எங்களுக்குத் தொடர்பு இல்லை. பலர் கேட்கும் கேள்வி என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எதன் வழியாக இணைப்பது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், இரண்டு இடங்களிலும் மொபைல் டேட்டா இருக்கும்போது அதையே பயன்படுத்தினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். கப்பலில் வானொலி அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற கீழக்கரைக்காரர் அதை ஏற்கவில்லை. “தம்பி, டவர் நிக்கிற அன்னைக்கு இது யாருக்கு வேணும்? டவர் படுக்குற அன்னைக்குத்தானே வேணும்?” என்று அவர் கேட்டதற்கு, “சரிதான் காக்கா” (கீழக்கரை வழக்கில் காக்கா என்றால் அண்ணன்) என்பதைத் தவிர மறுமொழி இல்லை. உரிமத்தின் எல்லைக்குள் ஐயத்துக்கு இடமின்றி நிற்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. ஆகவே இரு நிலையங்களையும் இணையத்தால் அல்லாமல், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, வி.எச்.எஃப்.பை விட உயர்ந்த யு.எச்.எஃப். அமெச்சூர் பட்டையில் ஒரு வானொலி இணைப்பாலேயே கோப்பது என்று முடிவானது. இன்று திரும்பிப் பார்த்தாலும் இந்த முடிவு சரியானதே. பின்னால் நேர்ந்த தவறுகள் இதிலிருந்து பிறந்தவை அல்ல.

அமைப்பு

பாம்பன் பாலத்துக்கு இப்பால் நிலப்பகுதியில் உள்ள உச்சிப்புளியில் முழு ரிப்பீட்டர்: 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுடன் கேட்கும் அலைவரிசையும் பேசும் அலைவரிசையும், நடுவே அவ்விரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் ஒரு டூப்ளக்ஸர், கூடவே இணைப்புக்கான யு.எச்.எஃப். கருவி. அருகே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருப்பதால் உயரமான கம்பம் என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு மாடியில் சிறிய நோடு, அதாவது வலையமைப்பின் ஒரு கண்ணியான நிலையம்: தீவில் உள்ளவர்களுக்காக ஒரே அலைவரிசையில் கேட்டுப் பேசும் வி.எச்.எஃப். கருவி ஒன்று, உச்சிப்புளியை நோக்கிய யாகி ஆண்டெனாவுடன் யு.எச்.எஃப். கருவி ஒன்று. இடைத்தொலைவு நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கு உட்பட்டது. இரு முனையிலும் 18 மீட்டர் உயரம் இருந்ததால் தொடுவானக் கணக்கு 35 கிலோமீட்டர் வரை இடம் கொடுத்தது.

இரு இடங்களிலும் மூளையாக இருந்தது ராஸ்பெர்ரி பை 3 என்ற கையகல ஒற்றைப் பலகைக் கணினி. அதில் ஆல்ஸ்டார்லிங்க் மென்பொருள் ஓடியது. ஜிம் டிக்சன் எழுதிய ‘ஆப்-ஆர்.பி.டி.’ என்ற பகுதி, ஆஸ்டரிஸ்க் என்னும் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மென்பொருளுக்குள் அமர்ந்து, அதை ரிப்பீட்டரின் கட்டுப்பாட்டுக் கருவியாக மாற்றிவிடுகிறது. மென்பொருளின் கணக்கில் வி.எச்.எஃப். கருவியை ஒரு நோடாகவும் யு.எச்.எஃப். கருவியை இன்னொரு நோடாகவும் ஒரே கணினியில் வைத்து, இரண்டையும் உள்ளேயே இணைத்துக்கொண்டோம்.

கணினிக்கும் வானொலிக்கும் இடையே நிற்பது, கடையில் மலிவாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு. அதற்குள் இருக்கும் சி.எம்.108 சில்லு ஒலியை உள்ளே வாங்கி வெளியே விடுவதோடு, நமக்குத் தேவையான இரண்டு கம்பிகளையும் தருகிறது. ஒலியைக் குறைக்கும் பொத்தானுக்கென்று உள்ள 48-ஆம் காலில், வானொலி ஏதேனும் சிக்னலைக் கேட்கிறதா என்ற செய்தியை ஊட்டலாம். 13-ஆம் கால் வழியே, பேசு என்ற ஆணையை, அதாவது பி.டி.டி.யை, வானொலிக்கு அனுப்பலாம். கால்களுக்கிடையே உள்ள தொலைவு அரை மில்லிமீட்டர். தலைமுடி போன்ற எனாமல் கம்பியின் நுனியில் ஈயம் பூசி, உருப்பெருக்கிக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே தொடுகையில் ஒட்ட வேண்டும். இரண்டாவது தொடுகையில் பக்கத்துக் காலும் சேர்ந்துகொள்ளும். நான்கு கார்டுகளுக்கு நாங்கள் ஆறு வாங்கினோம் என்பதிலிருந்தே எங்கள் கைத்திறனை மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

13-ஆம் காலிலிருந்து வரும் 3.3 வோல்ட் ஒரு சிறு டிரான்சிஸ்டரை இயக்க, அது வானொலியின் பின்புற ஆறு முனை டேட்டா ஜாக்கில் உள்ள 3-ஆம் முனையைத் தரையோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனைக்குப் போகும் பொது வழியோடு, இணைக்கும். வானொலி பேசத் தொடங்கும். அந்த ஜாக்கின் 2-ஆம் முனை தரை. கம்பிகளைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டுடன் கூடிய மெல்லிய கேபிளில், ஷீல்டையே தரைக் கம்பியாகக் கொண்டு வேலையை முடித்தோம். எல்லா வழிகாட்டிகளிலும் அப்படித்தான் இருந்தது. மேசையில் வைத்துச் சோதித்தபோதும் குறை ஒன்றும் தெரியவில்லை. இந்த ஆய்வின் மையம் இந்த ஷீல்டுதான்.

மின்சாரத்துக்கு 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று, சோலார் பேனலும் வீட்டு இணைப்பிலிருந்து சார்ஜரும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் சிறு பக் கன்வர்ட்டர் கணினிக்கு. எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து மாடிப்படி அறையின் சுவரில் பொருத்தினோம். கதவில் பெரிய எழுத்தில், ‘தயவுசெய்து தொடாதீர்கள்’ என்று நானே எழுதி ஒட்டினேன்.

முதல் மாதங்களில் கண்டவை

ஆடியில் இயங்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு நோடுகளும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு ஓயாமல் பேசின. தங்கச்சிமடம் பேசி முடித்ததும் உச்சிப்புளியின் இணைப்புக் கருவி தன் வால் ஓசையை, அதாவது பேச்சு முடிந்த பின்னும் சற்று நீளும் அலையை, அனுப்பும்; அதைக் கேட்ட தங்கச்சிமடம் மறுபடி திறந்து தன் வாலை அனுப்பும். கரகாட்டத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் வாசிப்பது போல் இது விடியும் வரை நடக்கக்கூடியது. இணைப்புக் கருவிகளுக்கு உரிய நோடுகளில் மட்டும் ‘டூப்ளெக்ஸ்’ என்ற அமைவை 0 ஆக்கியதும் நின்றது. அந்த அமைவில் வால் நேரமும் அறிவிப்பு ஓசைகளும் வானில் ஏறா.

புரட்டாசியில் சில இரவுகளில், கடல் அமைதியாகி மேலே வெப்பக்காற்று படிந்திருந்தபோது, தொலைதூர நிலையங்கள் எங்கள் ரிப்பீட்டரைத் திறந்தன. கடல்மேல் உருவாகும் இந்தக் காற்றுக்குழாய் இந்தக் கரையில் வானொலி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்ததே. எல்லா உள்வழிகளுக்கும், அதாவது கேட்கும் பக்கங்களுக்கும், சி.டி.சி.எஸ்.எஸ். தாழ்தொனியைக் கட்டாயமாக்கினோம்; பேச்சின் அடியில் அந்தத் தொனி இல்லாத அலைக்குக் கருவி திறக்காது. இந்த இரண்டு கோளாறுகளும் மென்பொருள் அமைவில் தீர்ந்துபோனதால், இனி வருவதும் அங்கேதான் தீரும் என்ற நம்பிக்கை எங்களுக்கு வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றைக் கண்டோம். அதைக் கோளாறாகவே எண்ணவில்லை. தீவிலிருந்து வரும் பேச்சின் அடியில் மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்டது. தொடக்கத்தில் இல்லை; ஐப்பசி நெருங்க நெருங்கக் கூடியது. “ராமேஸ்வரம் பாசஞ்சர் வந்துருச்சு” என்று நெட்டில், அதாவது எல்லோரும் வானொலியில் கூடிப் பேசும் நேரத்தில், கேலி பேசிக்கொள்வோம். நான் ஒலியின் மேல் அலைவெண்களை வெட்டும் ஒரு வடிகட்டியைச் சேர்த்தேன். சீழ்க்கை பாதியாகக் குறைந்தது, கேலியும் குறைந்தது. அந்தச் சீழ்க்கை எங்கிருந்து வருகிறது, ஏன் மாதாமாதம் வளர்கிறது என்று அப்போதே ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

அந்த இரவு

ஐப்பசி இறுதியில் மூன்று நாள் அடைமழை. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மாலை 7 மணி முதல் ஒரு மணிக்கொரு முறை நெட்டில் பெயர் கொடுப்பது என்று பேசிவைத்திருந்தோம். 7 மணிச் சுற்று ஒழுங்காக நடந்தது. 8 மணிக்குத் தீவில் இருந்த உறுப்பினர் பேசத் தொடங்கி இரண்டு சொற்களுக்குள் குரல் அறுந்தது. அதன்பின் வெறும் அலை, ஒலி இல்லை. மூன்று நிமிடத்தில் ரிப்பீட்டரும் மௌனமானது.

இந்த மௌனத்தை நாங்கள் தவறாகப் படித்தோம். நடந்தது இதுதான்: தங்கச்சிமடத்தின் இணைப்புக் கருவி பேசு நிலையில் சிக்கிக்கொண்டது. உச்சிப்புளி அதைக் கேட்டு, வழக்கம்போல் தன் வி.எச்.எஃப். கருவியைத் திறந்து, 3 நிமிட நேர வரம்பு முடிந்ததும் மூடிக்கொண்டது. வரம்பைத் தாண்டிய உள்வழி விடுபடும் வரை அது திறக்காது. அதாவது நலமாக இருந்த நோடின் பாதுகாப்பு சரியாக வேலை செய்தது. அதனாலேயே கேட்பவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உச்சிப்புளியில் மின்சாரம் போய் பேட்டரியும் இறங்கிவிட்டது என்றே எல்லோரும் முடிவு செய்தார்கள்.

என்னோடு இன்னொருவரும் மழையில் பைக்கில் உச்சிப்புளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 10.15. அங்கே எல்லா விளக்கும் எரிந்தன. இணைப்புக் கருவியின் பச்சை விளக்கு, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக, சிமிட்டாமல் எரிந்தது. ஸ்பீக்கரைத் திறந்தால் பேச்சில்லாத அலை மட்டும். அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான் கோளாறு கடலுக்கு அந்தப் பக்கம் என்பது புரிந்தது.

தங்கச்சிமடம் நோடை அணைக்க எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஹேண்டியின் எண் பொத்தான்களால் டி.டி.எம்.எஃப். கட்டளை அனுப்புவது. ஆனால் பேசிக்கொண்டே இருக்கும் கருவியால் எதையும் கேட்க முடியாது, தீவின் வி.எச்.எஃப். கருவிக்கு அனுப்பினாலும் அதைப் புரிந்துகொள்ள வேண்டிய கணினி உயிரோடு இல்லை. இரண்டு, அந்த வீட்டு பிராட்பேண்டு வழியாகக் கணினிக்குள் நுழைவது. தீவில் மின்சாரம் போயிருந்தது, பிராட்பேண்டும் போயிருந்தது. வீட்டுக்கார அக்காவுக்கு போன் செய்து பார்த்தோம், கிடைக்கவில்லை. அந்தக் காற்றில் பாலத்தைக் கடந்து போவது சரியல்ல என்று தீர்மானித்தோம்.

ஆகவே உச்சிப்புளியின் இணைப்புக் கருவியின் யு.எஸ்.பி.யைப் பிடுங்கினோம். 10.40 மணிக்கு ரிப்பீட்டர் தனியாக உயிர்பெற்றது. கரைப்பக்கம் மீண்டும் பேச முடிந்தது. தீவு மட்டும் விடியும் வரை எங்களிடமிருந்து துண்டிக்கப்பட்டு இருந்தது. எந்த நேரத்துக்காக இதைக் கட்டினோமோ அந்த நேரத்தில். அன்று தீவில் உதவி தேவைப்படும் நிலை ஒன்றும் ஏற்படவில்லை என்பது எங்கள் திறமை அல்ல.

மறுநாள் காலை

காலை 6.30 மணிக்குத் தங்கச்சிமடம் போய்ப் பெட்டியைத் திறந்தபோது வெந்த வார்னிஷ் வாசனை வந்தது. இணைப்புக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உடம்பில் கை வைக்க முடியவில்லை. பேட்டரி 11.3 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. பத்தரை மணி நேரம் ஓயாமல் ஒலிபரப்பாகியிருக்கிறது. நிலையத்தின் பெயரான அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டிய மென்பொருளே உறைந்துவிட்டதால் அத்தனை நேரமும் பெயரில்லாத அலை. நிலையத்தின் பதிவேட்டில் இதை உள்ளது உள்ளபடி எழுதினோம்.

வீட்டுக்கார அக்கா படியில் நின்று சொன்னது இது: “ராத்திரி பூரா அந்தப் பெட்டிக்குள்ள காத்தாடி சுத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. எப்பவும் கொஞ்ச நேரம் சுத்தி நின்னுரும்ல? செவப்பு லைட்டும் அமரவே இல்ல. சுவிட்ச அமத்திரலாமான்னு பாத்தேன். நீங்கதான் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிருக்கீகளே.”

வானொலி உரிமம் இல்லாத ஒருவர், கோளாறு நேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைச் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் மெயின் சுவிட்ச் இருந்திருக்கிறது. அவரைத் தடுத்தது என் கையெழுத்து.

காரணத்தைத் தேடியது

கணினி ஏன் உறைந்தது, உறைந்த பிறகும் பி.டி.டி. ஏன் விடுபடவில்லை என்று கேள்வி இரண்டாகப் பிரிந்தது.

இரண்டாவதற்கு விடை எளிது. சி.எம்.108 சில்லின் 13-ஆம் கால், கடைசியாகச் சொல்லப்பட்ட நிலையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கணினியின் மென்பொருள் செத்தாலும் யு.எஸ்.பி.யில் 5 வோல்ட் இருக்கும் வரை, பேசு என்ற ஆணை அப்படியே நிற்கும். மென்பொருளில் நாங்கள் வைத்திருந்த 3 நிமிட வரம்பு, அந்த மென்பொருள் ஓடினால்தான் செல்லும். வானொலிக்குள்ளேயே ஒரு நேர வரம்பு உண்டு. நீண்ட நெட்டுகளில் இடையிலே அறுகிறது என்று அதை நான்தான் மெனுவில் அணைத்து வைத்திருந்தேன்.

முதல் கேள்வி இரண்டு நாட்களை எடுத்தது. எஸ்.டி. கார்டு கெட்டிருக்கும் என்று இளைஞர் சொன்னார். சோதித்தால் கார்டு நன்றாக இருந்தது. பதிவுக் கோப்பைத் திறந்தபோது, மின்னழுத்தம் குறைந்தது என்ற எச்சரிக்கை வரி வரிசையாக நின்றது. ராஸ்பெர்ரி பை தன் 5 வோல்ட் 4.63க்குக் கீழே போனால் கர்னல் பதிவில், அதாவது இயக்க மென்பொருளின் குறிப்பேட்டில், இப்படி எழுதி வைக்கும். வரிகளின் நேரத்தை நெட் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். ஒவ்வொரு எச்சரிக்கையும் இணைப்புக் கருவி பேசத் தொடங்கிய நொடியில் விழுந்திருந்தது. புரட்டாசியில் நாளுக்கு ஒன்றிரண்டு. ஐப்பசியில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒன்று. பாசஞ்சர் ரயிலின் சீழ்க்கை வளர்ந்ததும் இதே வேகத்தில்தான்.

பக் கன்வர்ட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். ஆனால் அதன் வெளிமுனையில் வானொலி பேசும்போதும் பேசாதபோதும் அசையாத 5.1 வோல்ட். கணினியின் முனையில் அளந்தால் கேட்கும்போது 4.95, பேசும்போது 4.53. இடையே இருப்பது ஒரு முழ நீள யு.எஸ்.பி. கேபிள் மட்டும்; வானொலி பேசுவதற்கும் இந்தக் கேபிளுக்கும் என்ன தொடர்பு?

விடையை மல்ட்டிமீட்டருக்கு முன்பே விரல் சொன்னது. பேசு நிலையில் வைத்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்த கீழக்கரைக் காக்கா, மெல்லிய டேட்டா கேபிளில் வந்து நின்று, “இது ஏண்டா சுடுது?” என்றார். ஒலியும் சிறு ஆணையும் மட்டும் போக வேண்டிய கேபிள் வெதுவெதுப்பாக இருந்தது.

வானொலியிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குப் போகும் கறுப்புக் கம்பியில் உள்ள ஃப்யூஸ் ஹோல்டரைத் திறந்தோம். உள்ளே ஃப்யூஸின் பித்தளைத் தொப்பியிலும் அதைக் கவ்வும் இதழ்களிலும் பச்சை மாவு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. வாடைக்காற்றோடு வரும் உப்பு, பெட்டியின் அடித்துளை வழியே புகுந்து அங்கே குடியேறியிருக்கிறது. பேசும்போது வானொலியின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.7 வோல்ட் இருந்தது. இருக்கவே கூடாத வோல்ட் அது.

அதன்பின் கதை தானே விரிந்தது. வானொலி பேசும்போது 6 ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. திரும்பிப் போக வேண்டிய கறுப்பு வழி உப்பால் குறுகியதால், அந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு, ஒன்றரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக, டேட்டா கேபிளின் ஷீல்டு வழியே சவுண்ட் கார்டுக்கும், அங்கிருந்து கணினிக்கும், கணினியின் 5 வோல்ட் கேபிளில் உள்ள தரைக் கம்பி வழியே பேட்டரிக்கும் சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மெல்லிய தரைக் கம்பியில் ஏற்பட்ட வீழ்ச்சி, கணினிக்குக் கிடைக்கும் 5 வோல்ட்டிலிருந்து கழிந்திருக்கிறது. ஒலியின் தரையும் அதுவே என்பதால் கன்வர்ட்டரின் இரைச்சல் சீழ்க்கையாக ஏறியிருக்கிறது. சீழ்க்கையும் உறைவும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். முதல் அறிகுறியை வடிகட்டி போட்டு மறைத்தவன் நான்.

உறைவது எப்போதும் பேசும் நொடியிலேயே நேரும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. கேட்கும் நிலையில் உறைந்திருந்தால் நோடு சத்தமில்லாமல் செத்திருக்கும். யாருக்கும் தொல்லை இருந்திருக்காது. இந்தக் கோளாறு, மிக மோசமான நொடியைத் தேர்ந்தெடுத்தே வரும்படி அமைந்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், ஃப்யூஸ் ஹோல்டரை மாற்றினால் போதும் என்ற யோசனையை ஏற்கவில்லை. புதியதும் அடுத்த மழைக்குள் பச்சை பூக்கும். உப்பு வரத்தான் செய்யும், இணைப்பு கெடத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு, கெட்டாலும் கணினி பாதிக்கப்படாத அமைப்பு வேண்டும் என்று கருதினோம்.

எனவே வானொலிக்கும் சவுண்ட் கார்டுக்கும் இடையே உலோகத் தொடர்பையே அறுத்தோம். ஒலி வரும் வழியிலும் போகும் வழியிலும் 600-க்கு 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்று; பி.டி.டி.க்கும் சிக்னல் அறிவிப்புக்கும் பி.சி.817 ஆப்டோகப்ளர் ஒவ்வொன்று. ஆப்டோகப்ளருக்குள் ஒரு பக்கம் சிறு விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர்; செய்தி வெளிச்சமாகக் கடக்கும், மின்னோட்டம் கடக்காது. ஷீல்டை வானொலிப் பக்கம் மட்டும் இணைத்து, கார்டுப் பக்கம் வெட்டிவிட்டோம். கறுப்புக் கம்பியைப் பேட்டரி முனையிலிருந்து தனியாக, ஈயம் பூசிய லக்குகளை அழுத்திப் பொருத்தி, மேலே கிரீஸ் தடவி இழுத்தோம். இவ்வளவுக்கும் ஆன செலவு ஒரு ஹேண்டி பேட்டரியின் விலைகூட இல்லை.

அடுத்து, சிக்கிய பி.டி.டி.யை விடுவிக்கும் பொறுப்பை மென்பொருளிடமிருந்து எடுத்தோம். வானொலியின் சொந்த நேர வரம்பு 5 நிமிடத்துக்கு வைக்கப்பட்டது. நெட் நடத்துபவர்கள் இடையில் மூச்சு விட்டுப் பேசப் பழகிக்கொண்டார்கள். கணினியில் உள்ள வன்பொருள் வாட்ச்டாக்கையும் இயக்கினோம். மென்பொருள் சில நொடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டாவிட்டால் கணினி தானே மறுதொடக்கம் ஆகும். வாட்ச்டாக் மட்டும் போதும் என்று இளைஞர் வாதிட்டார். கணினியைக் காக்க கணினியையே நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டும் இருக்கட்டும் என்று முடிந்தது.

மூன்றாவது முடிவுக்கு விவாதமே தேவைப்படவில்லை. என் எழுத்தைக் கிழித்தோம். பெட்டிக்கு வெளியே, வீட்டுக்கார அக்காவின் தோள் உயரத்தில், சிவப்புக் கைப்பிடியுள்ள சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி அருகில் இப்படி எழுதினோம்: ‘காத்தாடி பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காமல் ஓடினால், அல்லது சிவப்பு விளக்கு அமராமல் எரிந்தால், இதைக் கீழே தள்ளவும். யாரையும் கேட்க வேண்டாம்.’

பின்னர் நடந்தவை

மாற்றங்களுக்குப் பின் கணினி முனையில் பேசும்போதும் 4.95 வோல்ட்டே நின்றது. பதிவுக் கோப்பில் மின்னழுத்த எச்சரிக்கை வரவில்லை. சீழ்க்கை அடியோடு போனதால் வடிகட்டியையும் எடுத்துவிட்டோம். தீவுக்காரர்களின் குரலில் எவ்வளவு கூர்மையை அது தின்றிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரவெல்லாம் எரிந்த இணைப்புக் கருவி 25 வாட்டுக்குப் பதில் 4 வாட்டே தந்தது. யாகி நல்ல நிலையில் இருந்ததால் 4 வாட்டிலும் உச்சிப்புளிக்கு இரைச்சலின்றிக் கேட்டது. 25 வாட் தேவையே இல்லாமல்தான் வைத்திருந்தோம் என்ற உண்மையும் வெளிப்பட்டது. மாற்றுக் கருவியை 5 வாட்டில் வைத்திருக்கிறோம்.

புதிய ஃப்யூஸ் ஹோல்டரை ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது பச்சை மீண்டும் தொடங்கியிருந்தது. எதிர்பார்த்ததே. துடைத்து, கிரீஸ் தடவி மூடினோம்.

பங்குனியில் ஒரு மாலை தீவு நோடு திடீரென்று நின்றது. அக்காதான் சுவிட்சைத் தள்ளியிருக்கிறார். உண்மையில் அன்று நடந்தது ஒரு நீண்ட நெட். கோளாறு ஒன்றும் இல்லை. தவறாக அணைத்துவிட்டேனோ என்று அவர் வருந்தினார். “இல்லக்கா, நூறு தடவ சும்மா அமத்துனாலும் பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு வந்தோம். பத்து நிமிடம் என்பதைப் பதினைந்தாக்கலாமா என்ற யோசனை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மறுபடி செய்வதானால்

தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஆப்டோகப்ளரையும் முதல் நாளே வைப்போம். மேசைச் சோதனையை வீட்டு மின்சாரத்தில் ஓடும் பவர் சப்ளையில் செய்யாமல், அந்த இடத்துப் பேட்டரியிலும் அந்த இடத்துக் கம்பிகளிலும் முழுச் சக்தியில் செய்வோம். கறுப்புக் கம்பியை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு என்ன கெடுகிறது என்றும் பார்ப்போம். மௌனத்தையும் ஒரு அறிகுறியாகக் கொள்ளும்படி, உச்சிப்புளி நோடு நேர வரம்பில் மூடிக்கொள்ளும்போது, இணைப்புக் கருவியின் உள்வழியைத் தானே துண்டித்துக்கொண்டு ஒரு மோர்ஸ் குறியுடன் தனியாக இயங்கும்படி நிரல் எழுதிவருகிறோம். அது இன்னும் முடியவில்லை. கர்னல் பதிவை மாதம் ஒருமுறையாவது யாரேனும் ஒருவர் படிக்க வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். முறை தவறிய மாதங்களும் உண்டு.

மூன்றாவது நோடு கீழக்கரையில், காக்காவின் வீட்டு மாடியில் வர இருக்கிறது. கம்பத்துக்கான பைப் வந்துசேரவில்லை, கணினியும் வாங்கவில்லை. சிவப்புக் கைப்பிடி சுவிட்சை மட்டும் அவர் போன வாரமே சுவரில் அடித்துவிட்டார்.